நாலாவது கேசட்

அட்டன் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு நேரம் பார்த்து அனுப்பும் டைம் கீப்பராக இருந்தான் றொக்சன். கண்டக்டர்மார் அவனுக்கு டீ வாங்கித் தருவார்கள், வெற்றிலை நீட்டுவார்கள். இரண்டும் அவனுக்கு வேண்டாம். "எங்கயாச்சும் பழைய டீவி கேம் கேசட் கெடந்தா எடுத்துட்டு வாங்க, அது போதும்" என்பான். அவர்கள் சிரிப்பார்கள். இரண்டாயிரத்து ஐந்தில் அது யாருக்கு வேண்டும்? டவுனிலேயே கம்ப்யூட்டர் கேம் விளையாடுவதற்குக் கடை திறந்தாயிற்று. இருந்தாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்டியில் மூடப்போகிற கடையிலிருந்து ஒன்று, நாவலப்பிட்டியில் யாரோ வீசிய பெட்டியிலிருந்து இன்னொன்று என்று, லேபிள் கிழிந்த மஞ்சள், கறுப்பு பிளாஸ்டிக் கட்டைகள் அவன் வீட்டில் சேர்ந்துகொண்டே போயின.

கொட்டகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், கடைசி லயத்துக் கடைசிக் காம்பரா அவனுடையது. அவனும் அம்மா யூஜினாவும் மட்டும்தான். அப்பா கஸ்பர் செத்து ஆறேழு வருசம். முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே இரண்டு டீவிப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். "ஒன்னு பத்தாதா உனக்கு" என்று அம்மா ஆரம்பத்தில் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

இரண்டு டீவி எதற்கென்று புரிந்துகொண்ட ஒரே ஆள் மயூரதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், கொட்டகலையில் கணக்குப் படிப்பிக்க வந்தவர், கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் போர்டிங். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றபோது றொக்சன் கையிலிருந்த கேசட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். சின்ன வயதில் அவருக்கும் மாமா ஒருவர் கொழும்பிலிருந்து ஒரு கேசட் அனுப்பியிருக்கிறார். அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. வருசக்கணக்காக அந்தக் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, லேபிளில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்தே விளையாடியதாகச் சொன்னார். கரண்ட் வந்தபோது கேசட் தொலைந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து றொக்சன் வந்ததும் அவரும் மேலே ஏறி வந்துவிடுவார். ஒரே கேமின் இரண்டு கேசட்டை இரண்டு டீவியிலும் போட்டு, எது எங்கே மாறுகிறதென்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. எல்லாம் கள்ளப் பிரதிகள். ஒன்றிலிருந்து ஒன்றாகக் கண்மூடித்தனமாகப் பதிந்தவை. ஒன்றில் வானம் பச்சையாக இருக்கும். ஒன்றில் பாட்டு நொண்டும். ஒன்றில் துறைமுகத்துக் கப்பலில் கொடி இருக்காது. "இதைப் பதிஞ்சவனுக்கு அவசரம்" என்பார் மயூரதன். அந்த அவசரக்காரன் எந்த ஊரில் உட்கார்ந்து பதிந்தானோ என்று இருவரும் யோசிப்பார்கள்.

றொக்சனுக்கு மிகப் பிடித்தது ஒரு கேம். அதன் பெயர் யாருக்கும் தெரியாது, எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. கடற்கரைப் பட்டணத்திலிருந்து ஒரு சின்ன உருவம் புறப்படும். தென்னந்தோப்பு, ஆறு, வயல், அடிவாரம் என்று நடந்து நடந்து மலைமேல் இருக்கிற கோவிலுக்குப் போய்ச் சேர வேண்டும். மலைக் கேம் என்று இவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் பதிவதற்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்து இருக்கும், நாலு எழுத்துக்குத்தான் இடம். அந்தக் கேமில் மூன்று கேசட் அவனிடம் இருந்தது. அதை மட்டும் ஏன் இப்படித் தேடுகிறான் என்று மயூரதன் கேட்டதில்லை, றொக்சனும் சொன்னதில்லை.

நாலாவது கேசட் கொழும்பிலிருந்து வந்தது.

கொழும்பு பஸ்ஸின் கண்டக்டர் செல்லசாமி கொண்டுவந்தான். வெள்ளவத்தையில் ஒரு வீட்டைக் காலி பண்ணுகிறார்களாம். பழைய சாமான் எடுக்கிற அவனுடைய மச்சான் தூக்கிவந்த பெட்டியில் இது கிடந்திருக்கிறது. "துணியில சுத்தி, கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. ஏதோ நகையாக்கும்னு அவிழ்த்தா இந்தச் சனியன்" என்றான்.

அந்த ஞாயிறு மலையெல்லாம் மூட்டமாக இருந்தது. மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. இடதுபக்க டீவியில் பழைய கேசட், வலதுபக்கம் புதிது. இரண்டையும் ஒன்றாகத் தட்டினார்கள். இரண்டிலும் கடல் தெரிந்தது, பாட்டு வந்தது. அடுத்த பக்கம் பெயர் பதிகிற பக்கம். பழையதில் மூன்று கட்டமும் வெறுமையாக இருந்தன. கள்ளக் கேசட்டில் எதுவும் சேமிப்பில் நிற்காது, டீவியை அணைத்தால் எல்லாம் போய்விடும்.

புதியதில் மூன்றாவது கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது.

TRSA.

"ஆரோ விளையாடிப்போட்டு விட்டிருக்கினம்" என்றார் மயூரதன். "அப்ப இது நல்ல கேசட். உள்ளுக்குப் பற்றரி இருக்கு, அதுதான் பேர் அழியேல்லை." திரும்பிப் பார்த்தார். றொக்சன் இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சேர், இது என் தங்கச்சி பேரு."

அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னான். சின்ன வயதில் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டில் டீவி கேம் வந்தது. கிளாக்கரின் மனைவி நல்ல மனுசி, லயத்துப் பிள்ளைகளையும் உள்ளே விடுவாள். இந்த மலைக் கேமைத்தான் அங்கே போட்டார்கள். றொக்சனும் தெரேசாவும் முறை போட்டு விளையாடுவார்கள். பெயரை நாலு எழுத்துக்குள் அடக்க வேண்டுமே. மற்றப் பிள்ளைகள் பேரை வெட்டிப் பாதியில் நிறுத்துவார்கள். தெரேசாவுக்குக் கடைசி எழுத்து விட்டுப்போவது பிடிக்காது. நடுவில் இருப்பதைப் பிடுங்கிப்போட்டு டி, ஆர், எஸ், ஏ என்று போடுவாள். "முழுசா வரணும்ல" என்பாள்.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அழகுமுத்து என்கிற தரகன் கொழும்பில் ஒரு நல்ல வீட்டில் வேலைக்கு விடுவதாகக் கூட்டிப்போனான். அடுத்த வருசம் அவனே வந்து, புள்ள யாரோடோ ஓடிப்போய்விட்டது என்று சொன்னான். அப்பா கொழும்புக்குப் போனார். எந்த வீடு என்று அழகுமுத்து காட்டவேயில்லை. பிறகு அவனும் செத்துப்போனான். அம்மா அன்றைக்கு அடைத்த வாய்தான், அந்தப் பெயரைப் பிறகு எடுத்ததில்லை.

"வேற ஆராவதா இருக்கலாம்" என்றார் மயூரதன். குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

றொக்சன் பட்டனை அழுத்தி அந்தக் கட்டத்தைத் தேர்ந்தான். படம் மாறியது. கடற்கரைப் பட்டணத்தில் ஒரு வீட்டுக்குள் இருந்தது உருவம். அந்த வீடு மற்றக் கேசட்டுகளிலும் உண்டு. அடுப்பும் பானைகளும் இருக்கிற, போகிற வழியில் சும்மா எட்டிப்பார்த்துவிட்டு வருகிற ஓர் அறை. உருவம் அதன் மூலையில் நின்றது. இந்தக் கேமில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், உருவம் சற்று நேரத்தில் நம் பக்கம் திரும்பி நின்று காலைத் தட்டும். மூன்று கேசட்டிலும் அப்படித்தான். இது தட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றது. றொக்சன் பட்டனை அழுத்திப் பார்த்தான். மேலே, கீழே, பக்கவாட்டில். அசையவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கேசட் பழுது" என்று சொல்லி மயூரதன் அதை வெளியே எடுத்தார். சின்ன ஸ்குரூ டிரைவரால் மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பலகையைப் பார்த்தார். அவருடைய விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. பற்றரி வைக்கிற வட்டம் அங்கே வரைந்திருந்தது. பற்றரி இல்லை. எடுத்ததற்கான அடையாளமும் இல்லை. பற்றவைக்கிற ஈயமே படாத இடம் அது.

"இது எதையும் ஞாபகம் வச்சிருக்க ஏலாது, றொக்சன்" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி போட்டார்கள். TRSA இருந்தது. ஆனால் உருவம் அடுப்பறையில் இல்லை. பட்டணத்துக்கு வெளியே தென்னந்தோப்பில், பாதையில் நின்றது. முதுகுதான் தெரிந்தது.

மயூரதன் மெல்லக் கேட்டார். "நீர் இடையில போட்டுப் பாத்தனீரோ?"

"தொடவேயில்ல சேர். நீங்க ஏதும் பண்ணினீங்களா, தொறந்தப்ப?"

அந்தக் கேள்வி மயூரதனுக்குச் சுட்டது. "உம்மட தங்கச்சியை வச்சு நான் பகிடி விடுவனோ?" என்றார். அன்று டீயை அரைவாசியில் வைத்துவிட்டு இறங்கிப்போனார். போகும்போது றொக்சன் அந்தக் கேசட்டை அவர் கையில் திணித்தான். "நீங்களே வச்சிருங்க. ஒங்க ரூம்ல டீவி இல்லைல."

ஒரு வாரம் அது மயூரதனின் உடுப்புப் பெட்டிக்குள் பூட்டில் கிடந்தது. அதற்கடுத்த ஞாயிறு அவரே கொண்டுவந்து போட்டார். உருவம் ஆற்றைத் தாண்டி, வயலையும் தாண்டியிருந்தது. அடிவாரத்தில் முதல் தேவதாரு மரத்துக்குக் கீழே, மேலே பார்த்தபடி நின்றது. பழைய கேசட்டுகளில் அந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் படகுக்காரனிடம் பேச வேண்டும், வயலில் பாம்பை அடிக்க வேண்டும். இது எதையும் செய்த அடையாளம் இல்லை. உருவத்தின் பையில் ஒரு சாமானும் இல்லை. வெறுங்கையோடு நடந்து வந்திருந்தது.

"எங்க இருந்து வந்துச்சோ அங்க போய்ப் பாக்கணும் சேர்" என்றான் றொக்சன். "நீங்களும் வரணும்."

வெள்ளவத்தையில் செல்லசாமியின் மச்சான் அந்த வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைக் காட்டிவிட்டான். கடற்காற்றில் துருப்பிடித்த கேட் கொண்ட மாடிவீடு. கேட்டைத் திறந்தவள் குணபூசணி என்கிற வயதான அம்மா, வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். முதலில் றொக்சனைப் பார்த்துவிட்டு, சாமான் எல்லாம் கொடுத்தாயிற்று என்று சிங்களத்தில் சொன்னாள். மயூரதன் யாழ்ப்பாணத் தமிழில் வாய் திறந்ததும் அவள் முகமே மாறியது. எந்த ஊர், ஆரின்ர மகன் என்றெல்லாம் கேட்டு உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். றொக்சன் வாசலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். அவனை மயூரதனின் கையாள் என்று நினைத்திருப்பாள் போல. அதற்குப் பிறகு அவன் பக்கம் அவள் பார்க்கவில்லை.

கேசட்டைப் பற்றிக் கேட்டார் மயூரதன். இந்தக் கேமில் வேறு கேசட் ஏதும் இருக்குமா, இதை யார் விளையாடினது.

"அது என்ர மகன்ர. அவன் தொண்ணூற்றி ரெண்டிலயே கனடா போட்டான். அண்டைக்குக் கட்டி அலுமாரிக்கு மேல வச்சதுதான். பிறகு ஒருத்தரும் தொடேல்லை" என்றாள். "ஆனா ஒண்டு சொல்லட்டே தம்பி. பின்னேரங்களில அந்த அறைக்குள்ள அந்தப் பாட்டுக் கேக்கும். பக்கத்து வீடாக்கும் எண்டு இருந்தன். என்ர மனுசன், இவர் இருக்கேக்கையே டீவியை வெளியில எடுத்துப்போட்டார். அதுக்குப் பிறகும் கேட்டது. இப்ப நானும் கனடா போறன். எல்லாத்தையும் கொண்டு போங்கோ எண்டு குடுத்திட்டன்."

"வீட்டில வேற சின்னப் பிள்ளையள் இருந்ததோ?"

அவள் சேலைத் தலைப்பை மடித்து மடித்து நீவினாள். பல வருசம் யாரிடமும் சொல்லாததை, ஊரை விட்டுப் போகிற நேரத்தில், தன்னுடைய ஆள் என்று தோன்றியவரிடம் சொல்லிவிட நினைத்தாள் போலிருந்தது.

"மலைநாட்டுப் பிள்ளை ஒண்டு வேலைக்கு நிண்டது. அதை நாங்கள் டீவி அறைக்குள்ள விடுறேல்லை. நல்ல பிள்ளைதான். ஒருக்கா அதுக்குக் காய்ச்சல். சும்மா காய்ச்சல்தானே எண்டு விட்டிட்டம். நீர்கொழும்பில ஒரு கலியாணம். பிள்ளை தனிய நிக்குது, கள்ளர் வருவாங்கள் எண்டு இவர் வெளியில பூட்டிப்போட்டார். தண்ணி, பாண் எல்லாம் வச்சிட்டுத்தான் போனனாங்கள். வந்து பாத்தா, குசினி மூலையில சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்குது. கூப்பிட்டன். திரும்பேல்லை."

வெளியே றெயில் போன சத்தத்தில் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"வயசு குறைஞ்ச பிள்ளை. பொலிஸ், வழக்கு எண்டு வந்தா என்ன செய்யிறது? இவர் ஆக்களைப் பிடிச்சு, வேற பேர் குடுத்து அடக்கம் செய்விச்சார். ஓடிப்போட்டாள் எண்டு தாய் தகப்பனிட்டச் சொல்லச் சொல்லித் தரகனிட்டச் சொன்னது. நான் வேண்டாம் எண்டனான். என்ர பேச்சு எடுபடேல்லை."

மயூரதன் தலையைக் குனிந்துகொண்டார். றொக்சன் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"நான் அவளோட அண்ணன்ங்க" என்றான்.

அவள் முதலில் மயூரதனைப் பார்த்தாள், பிறகு இவனைப் பார்த்தாள். கை சேலைத் தலைப்பிலேயே நின்றுவிட்டது. "அவளின்ர பேர் என்ன?" என்று கேட்டாள். "நாங்கள் வாணி எண்டுதான் கூப்பிட்டனாங்கள். சொந்தப் பேர் சொன்னவள். எனக்கு மறந்துபோச்சு."

"தெரேசா."

அவள் உதடு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தது, சத்தம் வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று றொக்சன் கேட்டான். பொது மயானம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், இடம் தெரியாது. இவர் உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றாள். அந்த வீட்டுக்காரரைத் திட்ட வேண்டும், அடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தான் றொக்சன். அந்த நேரம் ஒன்றும் வரவில்லை. "அந்தக் குசினியக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டான். காட்டினாள். சாமான் எல்லாம் எடுத்த வெற்று அடுப்படி. மூலையில் சுவரில், முழங்கால் உயரத்தில், எண்ணெய் பட்டது போல ஒரு மங்கல். அங்கே சற்று நேரம் குந்தியிருந்துவிட்டு வந்தான்.

திரும்பி வரும் பஸ் கித்துள்கலையைத் தாண்டியது. "எங்கட ஆக்கள்தான் இதைச் செய்தது" என்றார் மயூரதன். றொக்சன் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான். ஆனால் அட்டனில் இறங்கும்போது அவருடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. யூஜினா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னான். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். எடுத்தாள். அடுத்ததைத் தட்டினாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பூட்டியா போனாங்க?"

"ஆமாம்மா."

அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "அவ ஓடிப் போகலன்னு எனக்குத் தெரியும். ஓடினா இங்கதான் ஓடி வந்திருப்பா."

பிறகு கேசட்டைப் பற்றியும் சொன்னான். அம்மா நம்புவாளென்று அவன் நினைக்கவில்லை. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த சேலையை மாற்றாமல், டீவிக்கு முன்னால் கிடந்த நீள மர வாங்கில் வந்து உட்கார்ந்தாள். அத்தனை வருசத்தில் அவள் அந்த வாங்கில் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. மயூரதன் வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க சேர், குளிர் அடிக்குது" என்று அவள்தான் கூப்பிட்டாள்.

றொக்சன் ஒரு டீவியை மட்டும் போட்டான்.

மலை வந்துவிட்டது. கடைசிப் படம் அது. மேலே கல் படிகள், படிகளுக்கு அடியில் ஒரு பெரிய கேட், கேட்டுக்குப் பின்னால் லயம் போல வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகளின் கூரை, உச்சியில் கோவில். உருவம் கேட்டுக்கு முன்னால் நின்றது. முதுகுப் பக்கம்தான் தெரிந்தது.

"இதுக்கு மேல போக ஏலாது அம்மா" என்றார் மயூரதன். "கடற்கரைப் பட்டணத்தில ஒரு திறப்பு எடுக்கோணும், கேட்டுச் சாவி. இது எடுக்காமல் வந்திட்டுது. மற்றக் கேசட்டுகளிலயும் இப்பிடித்தான். திறப்பில்லாட்டி இந்தக் கேட் திறவாது."

யூஜினா கையை நீட்டினாள். றொக்சன் பட்டன் பெட்டியைக் கொடுத்தான். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களுக்கு அது மிகச் சின்னதாக இருந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை. கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு குனிந்து திரையைப் பார்த்தாள்.

"ஏன் அங்கிட்டே பாத்துகிட்டு நிக்கிற?" என்றாள், மெதுவாக. பைப்படியில் நிற்கிற பிள்ளையிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். "அங்க பூட்டியிருந்தா விட்டுரு. வீடு இந்தப் பக்கம் புள்ள."

பாட்டு நின்றது.

எந்தக் கேசட்டிலும் அந்த இடத்தில் பாட்டு நிற்பதில்லை. கூரைத் தகரத்தில் மூட்டத்துத் தண்ணீர் சொட்டுவது கேட்டது. உருவம் திரும்பியது. முகம் என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது? இரண்டு கறுப்புப் புள்ளி, அதற்குக் கீழே ஒரு கோடு. ஆனாலும் றொக்சன் பார்வையை இறக்கிக்கொண்டான். அவனால் பார்க்க முடியவில்லை. பார்த்தது மயூரதன்தான். உருவம் கேட்டுக்கு முதுகைக் காட்டி, கீழ்நோக்கி, அவர்களை நோக்கி நடக்கத் தொடங்கியதை அவர் பார்த்தார். அந்தப் படத்தின் கீழ்விளிம்பில் பாறை. மூன்று கேசட்டிலும் அதில் மோதி மோதிப் பார்த்து, வழியில்லை என்று அவரே முடிவு சொன்ன பாறை. உருவம் அதற்குள் இறங்கியது. முதலில் கால் மறைந்தது. பிறகு இடுப்பு. தலையும் விளிம்புக்குக் கீழே போய்விட்டது.

திரையில் மலை மட்டும் நின்றது.

அப்போது யூஜினா வாங்கில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். இன்னொருவருக்கு இடம் விடுகிற அளவுக்கு நகர்ந்தாள். சேலை முந்தானையை எடுத்து, பக்கத்து வெறும் இடத்தின்மேல் போர்த்துவது போல விரித்தாள். அந்த முனையில் வாங்கின் பலகை மெல்ல முனகியது. பழைய வாங்குதான், ஆள் உட்கார்ந்தால் அப்படித்தான் முனகும். றொக்சன் எழுந்து டீவியை அணைத்தான். அணைந்த டீவியின் கண்ணாடியில் அறை தெரிந்தது. அதை அவன் உற்றுப் பார்க்கவில்லை. மயூரதனும் பார்க்கவில்லை என்றுதான் பிறகு சொன்னார்.

அன்றோடு அந்தக் கேசட்டும் மற்றவற்றைப் போலாகிவிட்டது. பெயர் பதிகிற பக்கத்தில் மூன்று கட்டமும் வெறுமை. பதிந்தாலும் நிற்பதில்லை. நாலையும் வரிசையில் போட்டு இருவரும் மறுபடி மறுபடி பார்த்தார்கள். வானத்து நிறம், பாட்டு, கப்பல் கொடி எல்லாம் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பிறகு மலைக் கேமைத் தேடுவதை றொக்சன் விட்டுவிட்டான். மற்றக் கேசட்டுகளை இன்னும் சேர்த்தான், மயூரதனும் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் வெளிச்சம் போகும் முன்னே இறங்கிவிடுவார்.

பங்குச் சுவாமியிடம் சொல்லித் தெரேசாவின் பெயரில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார்கள். யூஜினா அழவில்லை. அதுவரை பேசாமல் இருந்தவள் அதற்குப் பிறகு பேசத் தொடங்கினாள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே பேசுவாள், யாரோ பதில் சொல்வதற்கு இடம் விட்டு விட்டுப் பேசுவாள். றொக்சன் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். அவனிடம் மறைக்கிற மாதிரி இருக்காது. இரண்டு பெண்கள் பேசுகிற இடத்துக்கு ஓர் ஆண் வந்தால் நிறுத்துவார்களே, அந்த மாதிரி.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், லீவு போட்டு வீட்டில் இருந்தான். அடுத்த காம்பரா ராக்காயி மலையிலிருந்து கூடையோடு வந்தவள், வாசலில் நின்று, மழைக்குச் சுற்றியிருந்த சாக்குப் படங்கை உதறிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் தம்பி, ஒங்க வீட்டுக்கு யாரு வந்திருக்கா? பைப்படியில ஒரு புள்ள குடத்த வச்சுக்கிட்டு மழையில நனைஞ்சுகிட்டு நிக்குது. யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டேன். ஒங்க வீட்டத்தான் கையக் காட்டுச்சு."

றொக்சன் உள்ளே திரும்பினான்.

யூஜினா ஏற்கனவே கொடியிலிருந்து துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம புள்ளதான் ராக்காயி" என்றாள். "சொன்னா கேக்க மாட்டேங்குது. மழை விட்டப்பறம் போன்னு சொன்னேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு, மூட்டத்துக்குள் பைப்படியைப் பார்த்து நடந்தாள். றொக்சன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா போவது கொஞ்ச தூரம் வரை தெரிந்தது. பிறகு வெள்ளை மட்டும்தான். அதற்குள்ளிருந்து குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குடம் நிறைந்ததும் அதுவும் நின்றது.